ஜூனோவின் முடியும் என் வீட்டுக்காரரின் வேண்டுதலும்

கட்டிய புருஷன் பெயரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று என் மாமியார் சொல்வார். குறைந்தால் குறையட்டும். என் வீட்டுக்காரர் பெயர் சுப்பராயலு. மின்சார ஆபீசில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திண்டிவனத்தில் மயிலம் போகும் சாலையை ஒட்டிய எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் 'மீசைக்காரர் வீடு' என்று கை காட்டுவார்கள். முப்பது வயதிலேயே அவர் தலை வழுக்கையாகிவிட்டது. அந்தக் குறையை எல்லாம் மூக்குக்குக் கீழே தீர்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பழைய டூத் பிரஷ்ஷால் மீசைக்கு மை தடவுவார். சட்டைப் பையில் அதற்கென்றே ஒரு சின்னச் சீப்பு இருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் உட்காரும் முன் ஒரு தடவையும், எழுந்து கை கழுவியபின் ஒரு தடவையும் சீவிக்கொள்வார்.

அவர் பெரிய பக்திமான். இதை நான் கிண்டலாகத்தான் சொல்கிறேன். எது நடந்தாலும் உடனே கை கூப்பி ஒரு வேண்டுதல் வைத்துவிடுவார். வேண்டிக்கொள்வது அவர். செலுத்துவது வேறு யாராவது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்பார்களே, அந்தப் பழமொழி இவரைப் பார்த்துத்தான் பிறந்திருக்க வேண்டும்.

கல்யாணமான மறு வருஷம் மண்டகப்பட்டுப் பக்கம் வேர்க்கடலை விளையும் அவர்களுடைய மல்லாட்டைக் கொல்லையில் போர் போட்டார்கள். தண்ணீர் வந்தால் என் பெண்டாட்டி தீ மிதிப்பாள் என்று திரௌபதி அம்மனிடம் சொல்லிவிட்டு வந்தார். நான் அப்போது அடுப்படியில் இருந்தேன், எனக்கே சாயங்காலம்தான் தெரியும். தண்ணீர் பொங்கிக்கொண்டு வந்தது. மஞ்சள் புடவை கட்டி நெருப்பில் இறங்கினேன். இடது உள்ளங்காலில் ரூபாய் அகலத்துக்குக் கொப்புளம். அவர் எதிர்ப்பக்கத்தில் பால் ஊற்றிய குழிக்குப் பக்கத்தில், தோளில் புதுத் துண்டோடு நின்று, வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் "நம்ம வேண்டுதல்தாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைக்கூட மன்னித்துவிடுவேன். தொண்ணூற்றேழில் அவருக்கு உளுந்தூர்பேட்டையிலிருந்து திண்டிவனத்துக்கே மாற்றல் வர வேண்டும் என்று திருவக்கரை வக்ரகாளியம்மனிடம் என் தலைமுடியை வேண்டிக்கொண்டார். மாற்றல் வந்தது. முழங்கால் தொடும் முடி எனக்கு. முழுசாக இறக்கினேன். "இன்னாத்துக்குடி அழுவுற? ஒரு மாசத்துல வளந்துடும்" என்றார். பதினோராம் நாள் என் தம்பி மணிமாறனுக்குக் கல்யாணம். அந்த ஆல்பத்தில் பெண் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் முக்காடு போட்டுக்கொண்டு ஒருத்தி நிற்பாள். தம்பியின் பிள்ளைகள் சின்ன வயதில், "இந்த ஆயா யாரு?" என்று கேட்டார்கள். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. அந்தப் படத்தில் மீசை மட்டும் பளபளவென்று இருக்கும்.

இதில் என்னையும் நாலு திட்டுத் திட்ட வேண்டும். யாரும் என்னைப் பிடித்து நெருப்பில் தள்ளவில்லை. போ என்றார், போனேன். புத்தி என் மகள் கலைமதிக்குத்தான் முதலில் வந்தது. அவள் பத்தாவது படிக்கும்போது அவருக்குச் சிறுநீரகத்தில் கல். டாக்டர் அவரை உப்பைக் குறைக்கச் சொன்னார். அவர் கருவாட்டுக் குழம்பை விடவில்லை; மகள் பதினெட்டு வெள்ளிக்கிழமை உப்பில்லாமல் சாப்பிடுவாள் என்று வேண்டிக்கொண்டார். பதினெட்டும் சாப்பிட்டாள். கடைசி வெள்ளிக்கிழமை தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "யப்பா, இனிமே எங்க ரெண்டு பேரு உடம்ப வெச்சி சாமிகிட்ட எதுவும் பேசாத. சொல்லிட்டேன்" என்றாள். நானும் அவள் பின்னால் போய் நின்றுகொண்டேன். முதல் தடவையாக. அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் எங்கள் வீட்டில் வேண்டுதலே இல்லை. அவரிடம் சொந்தமாகக் கொடுக்க ஒன்றும் இல்லை போலிருக்கிறது.

அப்புறம் ஜூனோ வந்தது.

மருமகன் பிரவீன்குமார் சென்னையில் வேலை செய்யும் கம்பெனியில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் இருந்தார். ஊருக்குத் திரும்பும்போது தன் நாயை இவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். இவர்கள் இருக்கும் அடுக்குமாடியில் அத்தனை பெரிய நாய்க்கு இடமில்லை. ஆகவே இரண்டு வருஷத்துக்கு முன்னால் திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தது. கர்லி கோட்டட் ரெட்ரீவர் என்று ஜாதிப் பெயர். பெண் நாய். வறுத்த காப்பிக்கொட்டை நிறம். முகமும் முன்னங்கால்களின் முன்பக்கமும் வழுவழுவென்று இருக்கும். கழுத்தில் ஆரம்பித்து வால் நுனிவரை மிளகு மிளகாக, இறுக்கமாகச் சுருட்டை முடி. தெருப்பிள்ளைகள் முதலில் செம்மறியாடு என்றார்கள்.

வெள்ளைக்காரர் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்ததை மருமகன் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். சீப்புப் போடக்கூடாது. அடிக்கடி சோப்புப் போடக்கூடாது. தண்ணீரில் நனைத்து, விரலாலேயே பிசைந்துவிட்டு, தானாக உலர விட வேண்டும். காது ஓரத்திலும் வாலிலும் வயிற்றுக்கு அடியிலும் நீளும் முடியைக் கத்தரியால் நறுக்கிவிட வேண்டும். இவ்வளவுதான். நான் எட்டாவதுவரை படித்தவள். எனக்குப் புரிந்தது. லைன் இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை.

நாய் வளர்ப்பு என்றால் அவருக்குச் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு அதைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவரை போய் வருவது. "தமிழ்நாட்டுலயே மொத்தம் ரெண்டுதான் கீது. ஒண்ணு இது" என்பார். இன்னொன்று யாரிடம் என்று கேட்டால் மீசையைத் தடவுவார். மழைக்காலத்தில் கால் விரல் இடுக்கில் உண்ணி எடுப்பது, முடி கொட்டும் பருவத்தில் வீடெல்லாம் பெருக்குவது, கேப்பைக் களியில் கறி பிசைந்து வைப்பது எல்லாம் என் வேலை. கணக்குக்காகத்தான் சொல்கிறேன், பிடிக்காமல் செய்தேன் என்று இல்லை. கிணற்றடியில் ஜூனோவை நிறுத்தி, தண்ணீர் ஊற்றி, அந்தச் சுருள்களுக்குள் விரலை விட்டுப் பிசையும்போது அது கண்ணை மூடிக்கொண்டு முழு உடம்பையும் என் முழங்கால்மேல் சாய்த்துவிடும். அந்த வீட்டில் என்மேல் சாய்ந்து நின்ற உயிர் அது ஒன்றுதான்.

ஒருநாள் அவருடைய பழைய ஆபீஸ் சிநேகிதர்கள் நான்கு பேர் நாயைப் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். நான் சந்தைக்குப் போயிருந்தேன். இந்த மனுஷன் கடையில் ஒரு கம்பி பிரஷ் வாங்கி வந்து ஒரு மணி நேரம் ஜூனோவைச் சீவியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது கூடத்தின் நடுவில் இலவம்பஞ்சு மூட்டை ஒன்று நின்றது. நடுவில் இரண்டு கண். சிநேகிதர்கள் வாயில் துண்டை வைத்துக்கொண்டு சிரிக்கிறார்கள்.

"சீவாம வுட்டுட்டு நீதான் கெடுத்துட்ட. அதான் இப்பிடி பேஜாரு பண்ணுது" என்று என்மேல் பாய்ந்தார்.

நாயைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினேன். விரலால் பிசைந்துவிட்டேன். பத்து நிமிஷத்தில் மிளகு மிளகாகச் சுருள் திரும்பிவிட்டது. தட்சிணாமூர்த்தி என்ற சிநேகிதர், "சாரு, ஒங்கள விட அம்மாவுக்குத்தான் இது வெளங்குது" என்றார். அன்று ராத்திரி என் வீட்டுக்காரர் சோறு வேண்டாம் என்றார். இரண்டு நாள் வேண்டாம் என்று சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை.

இந்த வருஷம் பங்குனியில் கலைமதிக்கு எட்டாம் மாசத்திலேயே வலி வந்துவிட்டது. வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டில்தான் இருந்தாள். விழுப்புரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். பெண் குழந்தை. ஒன்றே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூக்கில் குழாய் செருகியிருந்தார்கள். என் உள்ளங்கை அளவுதான் முதுகு. நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். வாயில் ஒரு சாமி பெயரும் வரவில்லை.

அவருக்கு வந்தது. நர்சுகளும் நோயாளிகளின் உறவுக்காரர்களும் போய்க்கொண்டிருந்த வராந்தாவில், நடுவில் நின்று, கையைத் தலைக்குமேல் தூக்கினார்.

"தாயே, வக்ரகாளி! என் பேத்தி பொழச்சி வூட்டுக்கு வந்துட்டான்னா, எங்க வூட்டு செல்லம் ஜூனோ முடிய ஒண்ணு வுடாம ஒன் சன்னதியில எறக்கிடறேன்!"

அழுதுகொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகள் தன் உடம்பைத் தொடக்கூடாது என்றாள், பெண்டாட்டியும் கூடாது என்றாள். மிச்சம் இருந்தது நாய். வாய் இருக்கிறவர்கள் மறுத்துவிட்டால் வாயில்லாத ஜீவன் மேல் கை வைப்பது. இவர் இப்படித்தான்.

குழந்தை பிழைத்தது. முப்பத்தாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தது. வந்த அன்றே அவர் நாள் பார்க்க ஆரம்பித்தார். வைகாசி முதல் வெள்ளி. அக்னி நட்சத்திரம் முடியாத வெயில்.

நான் ஜூனோவை விழுப்புரத்துக்குக் கூட்டிப்போய்க் கால்நடை டாக்டர் இளவரசியிடம் கேட்டேன். அந்தப் பெண் சுருள்களை விரலால் விலக்கித் தோலைக் காட்டினாள். "பாருங்கம்மா, இந்த ஜாதிக்கு உள்முடி கெடையாது. மேல இருக்கிற சுருள்தான் இதுக்குக் குடை. இந்த வெயில்ல மழிச்சீங்கன்னா தோல் வெந்து புண்ணாயிடும். அப்புறம் முடி வந்தாலும் திட்டுத் திட்டாத்தான் வரும்."

வீட்டில் வந்து சொன்னேன். "டாக்டருக்கு சாமியப் பத்தி இன்னா தெரியும்?" என்றார். ஜூனோ உதிர்த்த முடியை எல்லாம் நான் ஒரு துணிப்பையில் சேர்த்து வைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய்ச் செலுத்திவிடலாமே என்றேன். அவருக்கு வந்ததே கோபம்! "முழுசா எறக்கறேன்னு வாக்கு குடுத்திருக்கேன். சாமியவே ஏமாத்தச் சொல்றியா? பச்சப் புள்ள இருக்கிற வூடுடி இது!"

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் துணிப்பையை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். அவரை நான் எவ்வளவு வேண்டுமானாலும் ஏளனம் செய்வேன். வக்ரகாளியிடம் எனக்குப் பயம் உண்டு. சொன்னதைச் செய்யாமல் விட்டுக் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? தொட்டிலைப் பார்ப்பேன். தொட்டிலுக்குக் கீழே காவலுக்குப் படுத்திருக்கும் நாயைப் பார்ப்பேன். யாரைக் காப்பாற்ற யாரைக் கொடுப்பது? இரண்டும் எனக்கு வேண்டும். இந்த மனுஷன் வாயைத் திறந்து மூன்று வார்த்தை சொன்னதற்கு நான் சோறு இறங்காமல் கிடந்தேன். அவர் மீசைக்கு மை தடவிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை மருமகன் காரில் திருவக்கரைக்குப் போனோம். மகளும் குழந்தையும் முன்னால். பின்னால் நாங்கள் இருவரும், நடுவில் ஜூனோவும். கார்ப் பயணம் என்றால் அதற்குக் குஷி. என் மடியில் தலையை வைத்துக்கொண்டு வந்தது. நான் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

முடி இறக்கும் கொட்டகையில் சீனுவாசன் என்ற நாவிதர் கத்தியில் புது பிளேடு மாற்றிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் நாயைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் முன்னால் நிறுத்தினார்.

"இதுக்கு முழுசா எறக்கணும். ஜல்தியா முடி."

சீனுவாசன் நாயைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். "இன்னாங்க, வெளையாடறீங்களா? கொழந்தைங்க தலையில வெக்கிற கத்திங்க இது. நாய்க்கெல்லாம் வெக்க முடியாது."

"வேண்டுதல்யா!"

"யாரு வேண்டிக்கினது? நாயா?"

பக்கத்தில் மொட்டைக்கு உட்கார்ந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் முகம் கறுத்தது. "நான்தான்யா வேண்டிக்கினேன்."

"அப்ப நீங்கதான் குடுக்கணும். வேண்டிக்கினவங்கதானே குடுக்கணும்? நாப்பது வருசமா நான் பாக்கறது அதான்."

"என் தலையில இன்னா இருக்குது குடுக்கறதுக்கு?" என்று துண்டை எடுத்து வழுக்கையைக் காட்டினார். காட்டிவிட்டு, மெல்ல, என் பக்கம் திரும்பினார். கண் என் முகத்துக்கு வரவில்லை. என் கொண்டையில் வந்து நின்றது. அந்தப் பார்வை எனக்குத் தெரியும். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இதே கொட்டகையில் பார்த்தது.

"அம்சா," என்றார், குரலைத் தேனாக்கிக்கொண்டு. "கொழந்தைக்குத்தான். சாமி காரியம், பாதியில வுடக்கூடாது. உக்காரு. ஒரு மாசத்துல வளந்துடும்."

எனக்குள் எது அறுந்தது என்று தெரியாது. கத்தவில்லை. நன்றாக நினைவிருக்கிறது, ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னேன்.

"மீசையும் ஒரு மாசத்துல வளந்துடுங்க."

அவர் கை மீசைமேல் போயிற்று. "இன்னாடி ஒளர்ற?"

"ஒளறல. அதுவும் முடிதானே? ஒங்க வேண்டுதல், ஒங்க முடி. நான் இந்த அம்மனுக்கு ஒரு தடவ குடுத்துட்டேன். நாய் குடுக்காது. பச்சப் புள்ள இருக்கிற வூடுன்னு நீங்கதான் சொன்னீங்க. உக்காருங்க."

அவர் மகளைப் பார்த்தார். கலைமதி குழந்தையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, "உக்காருப்பா, வெயில் ஏறுது" என்றாள். மருமகனைப் பார்த்தார். மருமகன் ஜூனோவின் கயிற்றை வாங்கிக்கொண்டு கோயிலை ஒட்டிய ஆற்றுப் பக்கம் நடந்துவிட்டார். நல்ல பிள்ளை.

"மொட்டைன்னாலே மீசையும் சேத்துதாங்க," என்றார் சீனுவாசன், தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தபடி. "கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்னா எப்பிடிங்க?"

வேறு வழி இல்லாமல் உட்கார்ந்தார். தண்ணீர் தொட்டுத் தேய்த்தபோது ஞாயிற்றுக்கிழமை மை கரைந்து முகவாயில் ஒழுகியது. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. அவ்வளவுதான். அவர் கண்ணில் தண்ணீர் வந்தது. மகள் பிரசவ அறையில் கத்தியபோது வராத தண்ணீர், நான் கொப்புளக் காலோடு நொண்டியபோது வராத தண்ணீர். முப்பத்தொரு வருஷத்தில் அந்த மனுஷன் தன் உடம்பிலிருந்து சாமிக்குக் கொடுத்த முதல் பொருள் அது. வாழை இலைத் துண்டில் கிடந்ததை நான் பார்த்தேன். ஒரு சிட்டிகைதான் இருக்கும். இதற்கா இத்தனை வருஷம்?

மேலுதடு உரித்த மல்லாட்டைபோல வெளிறியிருந்தது. கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சன்னதிக்கு வந்தார். நான் அம்மனுக்கு முன்னால் நின்று, "தாயே, வேண்டினவரே குடுத்துட்டாரு. வாங்கிக்கோ" என்று மட்டும் சொன்னேன். மனசில் பயம் இல்லை. வெளியே வந்து பார்த்தால், ஆற்றில் தேங்கிக் கிடந்த தண்ணீரில் ஜூனோ நீந்திக்கொண்டிருந்தது. கரையேறி ஓடிவந்து என் புடவைமேல் ஒரு உதறு உதறியது. சுருள் ஒன்றுகூடக் கலையவில்லை. ஈரத்தோடு அதைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும் தெருவில் வேறு கதை. "பேத்திக்கோசரம் மீசையையே குடுத்துட்டேன்" என்று அவரே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். அதே தெருவில் இருக்கும் வேணி வீட்டில் காப்பி கொடுத்து அவரைக் கும்பிட்டார்களாம். குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். இவருக்கு மீசையே இல்லாமல் போயும் ஒட்டவில்லை.

ஆனால் ஒன்று நடந்தது. ஆடியில் மீசை பாதி வளர்ந்திருந்தது, நரையோடு. மை தடவ இன்னும் நீளம் போதவில்லை. குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. நான் கிணற்றடியில் ஜூனோவின் காது ஓரத்தை நறுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து ஓடிவந்தார். வழக்கம்போலக் கை இரண்டும் தலைக்குமேல் போயிற்று.

"தாயே, பேத்திக்கு சளி வுட்டுதுன்னா, எங்க வூட்டு..."

நான் கத்தரியை நிறுத்தினேன். அவருடைய மேலுதட்டைப் பார்த்தேன். ஜூனோவும் தலையைத் தூக்கிப் பார்த்தது. தூக்கிய கைகளில் ஒன்று தானாக இறங்கி வந்து மீசையை மூடிக்கொண்டது.

"கெளம்பு," என்றார் கைக்குள்ளிருந்து. "டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்."

இந்த வார்த்தை என் வீட்டுக்காரர் வாயிலிருந்து வர முப்பத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது. நான் கையைக் கழுவிக்கொண்டு குழந்தையின் துணிப்பையை எடுக்க உள்ளே போனேன்.